அடுத்த வீட்டு நூலகம்

பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளை நிரப்பச் சொன்னாலும், தொலைபேசி எண் என்ற இடம் வந்ததும் எனக்குக் கை நின்றுவிடும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. சேலையூரில் எங்கள் தெருவிலேயே அப்போது ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. அது எங்களுக்கு அடுத்த வீடு, பாய் வீடு. அவர்கள் எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட வேண்டும். இது எங்கள் போன் இல்லை, நீங்கள் கூப்பிட்டால் யாராவது வந்து எங்களை அழைத்துப் போவார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு எழுத்துகளை நான் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக எழுதுவேன். ஒரு தடவை துணிந்து எழுதாமலே விட்டுவிட்டேன். மறுவாரம் வகுப்பு ஆசிரியை எல்லார் முன்னாலும், "நேத்து உங்க வீட்டுக்கு போன் பண்ணேன். யாரோ ஒரு அம்மா, இருங்க, அவங்க வூட்டுலேர்ந்து இட்டாரேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது யாரு?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

போனை எடுத்தவர் பாயம்மா. பாயின் மனைவியைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். எங்களுக்கு போன் வந்தால் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "போன் வந்துகீது, ஓடியா" என்பார். நாங்கள் போட்டது போட்டபடி ஓடுவோம். எங்களுக்காக அவர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். பாயம்மா எத்தனை தடவை சொன்னாலும் அப்பா அந்த வீட்டு நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே பேசி முடித்து, ரிசீவரைக் கைக்குட்டையால் துடைத்து வைத்துவிட்டு, "தொந்தரவு பண்ணிட்டோம்மா" என்று சொல்லிவிட்டு வருவார். வீடு வந்து சேர்வதற்குள் அவர் முகம் சிறுத்துப் போயிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் கூச்சம் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அம்மா இறந்த செய்தியும் அந்த போனில்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா பேசியிருந்தார். அன்றைக்கு மட்டும் பாயம்மா சுவருக்கு மேல் கூப்பிடவில்லை. வாசலைச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் சொன்னார்.

இதெல்லாம் பழைய கதை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் போன் வந்தது, எல்லார் கையிலும் செல்போன் வந்தது, பாய் வீட்டில் அந்த போனையே எடுத்துவிட்டார்கள். நான் வேதியியல் படித்து, நாவலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கூடவே பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வுக்கும் பதிவு செய்துகொண்டேன். பகுதி நேரம் என்பது பேச்சுக்குத்தான். ஆய்விதழ்களைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் கணினியில் மட்டும்தான் திறக்க முடியும். அதனால் சனிக்கிழமை ஆனால் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து நூலகத்துக்குப் போய், காலியாகும் கணினிக்காகக் காத்துக்கிடப்பேன். என் முறை வரும்போது பெரும்பாலும் மின்சாரம் போய்விடும்.

அந்தப் பத்தாண்டின் கடைசிப் பக்கத்தில்தான் விடிவு வந்தது. ஆய்வு மாணவர்கள் தங்கள் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு வீட்டிலிருந்தே நூலகத்துக்குள் நுழையலாம் என்று அறிவித்தார்கள். பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினேன். முதன்முதலாக எங்கள் கூடத்துக் கணினியில் ஓர் ஆய்விதழ் முழுசாகத் திறந்தபோது, பின்னால் நின்றிருந்த அப்பா, "அப்ப லைப்ரரி மொத்தமும் நம்ம வீட்டுக்கே வந்துடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன், ஏதோ நானே செங்கல் வைத்துக் கட்டினமாதிரி.

அப்பா அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவார். என் கல்லூரியில் இணையம் நத்தை வேகம். அதனால் அவசரத்துக்கு அவரை போனில் கூப்பிட்டுக் கட்டுரைத் தலைப்பைச் சொல்வேன். அவர் என் கடவுச்சொல்லைப் போட்டு, இறக்கி, எனக்கு அனுப்பிவைப்பார். கடவுச்சொல்லை யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. அப்பா யாரோவா என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் பாயம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். பாய் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பையும் குடையும் விற்கும் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் கடையில் இருந்தாக வேண்டும். பாயம்மா வீட்டில் தனியாகக் கிடந்தார். டாக்டர்களிடம் ஒரு கேள்வி கேட்டால், "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்பதுதான் பதில்.

ஒரு நாள் சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் மேடவாக்கத்துச் சந்திப்பில் வெந்து, வேர்த்து, வீடு வந்து சேர்ந்தேன். கூடத்தில் கணினி முன் அப்பா உட்கார்ந்திருந்தார். பின்னால் பாயம்மா நின்றுகொண்டிருந்தார். திரையில் சிறுநீரகம் பற்றிய ஆய்விதழ். பதிப்பகத்தார் மொத்தமாகக் கட்டித் தரும் தொகுப்பில் வேதியியலோடு மருத்துவமும் சேர்ந்து வந்துவிடும், அதை நான் கண்டுகொண்டதே இல்லை. அப்பா ஆங்கிலத்தில் ஒரு வரி படித்து, தமிழில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப தக்காளி சாப்டா ரத்தத்துல பொட்டாசியம் ஏறுமா அண்ணே? அதாலதான் அன்னிக்கு எனக்கு நெஞ்சு அப்டி பண்ணிச்சா?" என்று பாயம்மா கேட்டார்.

"காய்கறியை வேகவெச்சுத் தண்ணியை வடிச்சிட்டா குறையுமாம். இங்க போட்டிருக்கான்."

"இதை டாக்டர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா," என்று பாயம்மா பெருமூச்சு விட்டார்.

அவர் போன பிறகு அப்பா மேல் பாய்ந்தேன். "இது எனக்குன்னு குடுத்ததுப்பா. ஊருக்கெல்லாம் திறந்துவிட இது என்ன பப்ளிக் பூத்தா? தெரிஞ்சா கட் பண்ணிடுவாங்க. நான் தீசிஸ் எழுதற நேரம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க போனும் அவங்களுக்குன்னு குடுத்ததுதான்," என்றார்.

ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு போனால் பழையபடி சனிக்கிழமை ரயில்தான், கெடு தாண்டிவிடும், பதிவே ரத்தாகும். அது தெரிந்தும் நான் அப்பாவைத் தடுக்கவில்லை. பாயம்மா தினமும் மதியத்தில் வந்துபோனார். அப்பா நாற்காலியை இழுத்துப் போடுவார். பாயம்மா உட்கார மாட்டார். "இருக்கட்டும் அண்ணே, ரெண்டு நிமிசம்தானே" என்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அது யாருடைய நிற்றல் என்று எனக்குத் தெரியும். பார்க்கவே கூசும்.

அடுத்த மாதம் வழிகாட்டியைப் பார்க்கப் பல்கலைக்கழகம் போனேன். என் வழிகாட்டி கண்டிப்பான பேராசிரியை. ஒரு மேற்கோள் இடம் மாறியிருந்தால் முழு அத்தியாயத்தையும் திருப்பிக் கொடுப்பவர். அன்றைக்கு என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"ஏன்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாமே."

நான் விழித்தேன். அவரே சொன்னார். வேதியியல் மாணவியின் கணக்கிலிருந்து தினமும் சிறுநீரகக் கட்டுரைகள் இறங்குவதைக் கவனித்த நூலகர், கடவுச்சொல் கைமாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு என் வீட்டுக்கு போன் செய்திருக்கிறார். அப்பா எடுத்திருக்கிறார். "நோயாளி நான்தான், பொண்ணு எனக்காகத்தான் எடுக்கறா" என்று சொல்லியிருக்கிறார். நூலகர் மனமிளகி, இணைப்பை விட்டுவைத்து, வழிகாட்டியிடமும் சொல்லியிருக்கிறார்.

"சாப்டரைப் பத்திக் கவலைப்படாதே. மெதுவா குடு," என்றார் மேடம். இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து 'மெதுவா' என்ற சொல் வந்ததில்லை. ஆய்வகத்தில் மற்றவர்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். எனக்கு வராத துக்கத்துக்கு எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா எங்கள் தேவாலயத்துச் சபையில் மூப்பர். பொய் என்றால் ரேஷன் கடையில்கூடச் சொல்லாதவர்.

"சொல்லணும்னு சொல்லலம்மா. பேஷன்ட் யாருன்னு கேட்டார். பக்கத்து வீட்டம்மான்னா உடனே கட் பண்ணிடுவார். வாயில வந்துடுச்சு." பிறகு, "ஞாயித்துக்கிழமை கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு முன்னால் போதகர் பேசிவிட்டார். மேடம் குரோம்பேட்டைக்காரர், எங்கள் சபைப் பிரிவுதான். அப்பாவின் பெயரைத் தன் சபையில் ஜெபத்துக்குக் கொடுத்திருக்கிறார். அது அங்கிருந்து எங்கள் போதகர் காதுக்கும் வந்துவிட்டது. வியாதியஸ்தருக்கான ஜெபத்தில், "நம் சபையின் மூப்பர், இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்ட நிலையிலும் வேதனையை வெளியே சொல்லாமல் ஆராதனைக்கு வந்திருக்கிறார்" என்று போதகர் உருகினார். காணிக்கைப் பையோடு நின்றிருந்த அப்பா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் அதையும் பலவீனம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார். ஓர் அம்மா அழுதேவிட்டார். அப்பா எல்லாருக்கும் தலையாட்டினார். நான் மரத்தடியில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தே நின்றேன்.

அதற்குப் பிறகு, சபையார் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அப்பாவால் வேளச்சேரி சாலையில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. காய்கறி வாங்கச் சந்து சந்தாக நடந்து போனார். பாயம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது, "என் நோவைப் போயி எதுக்கண்ணே ஏத்துக்கினீங்க," என்று முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்க வெட்கப்பட்ட நாட்கள் அவை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு விடுமுறை நாளில் மதியம் கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மேடம். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொரு கையில் பெரிய தண்ணீர் பாட்டில் நிறைய இளநீர். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வெட்டி ஊற்றி வாங்கியிருக்கிறார்.

கூடத்தில் அப்பா கணினி முன் இருந்தார். பாயம்மா வழக்கம்போல் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். முந்தைய நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார். இடது முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்தன.

"மேடம் வர்றாங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பாயம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நான் பின்பக்கமா வூட்டுக்குப் பூடறேன் கண்ணு," என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்விட்டால் தேவலை என்றுதான் என் மனசு சொன்னது. எங்கள் அம்மா போன சேதியைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர் என் வீட்டுப் பின்கட்டு வழியாக நழுவிப் போகட்டும் என்று நினைத்தேன். இந்தக் கதையில் எனக்கு நேர்ந்த வெட்கங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு கணத்துக்கு ஈடாகாது.

அப்பாதான், "எங்கயும் போக வேணாம், இருங்க," என்றார்.

மேடம் உள்ளே வந்தார். அப்பா எழுந்துவிட்டார். நோயாளி எழலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். "எப்படி இருக்கீங்க சார்?" என்று மேடம் கேட்டதும், அப்பா கிரியேட்டினின் அளவு, ஹீமோகுளோபின் அளவு, டயாலிசிஸுக்குப் பிறகு வரும் தலைசுற்றல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். எல்லாம் பாயம்மாவுடையவை. தன் நோய் இன்னொருவர் வாயிலிருந்து வருவதை பாயம்மா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டம்மாவா?" என்று மேடம் அவரைப் பார்த்துச் சிரித்தார். "முடியாத நேரத்துல கூட இருந்து பாத்துக்கறீங்க. நல்லா இருங்க."

பாயம்மா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

மேடம் தானே அடுக்களைக்குள் போய் ஒரு டம்ளர் எடுத்துவந்தார். இளநீரை ஊற்றி, "சூட்டுக்கு நல்லது, குடிங்க சார்," என்று நீட்டினார். அப்பா டம்ளரை வாங்கினார். அவர் வாசித்த கட்டுரைகளில் பாதி அந்த ஒரு பானத்துக்கு எதிரானவை. மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம், குடிக்கவும் தயக்கம். கடைசியில் மரியாதைதான் ஜெயித்தது. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"அண்ணே, அது வேணாம், அதுல பொட்டாசியம் கீது!"

பாயம்மாவின் கை குறுக்கே வந்து டம்ளரை மூடியது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்பதே அந்த நொடியில் அவருக்கு மறந்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டிய முழங்கை மேடத்தின் முகத்துக்கு நேராக நின்றது. ஊசிக் குத்தல்கள் வரிசையாகத் தெரிந்தன.

மேடம் வேதியியல் பேராசிரியை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். அப்பாவின் சிவந்த, திடமான முகத்தைப் பார்த்தார். கணினித் திரையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

அப்பாதான் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்க மேடம். இவங்க வீட்டு போன்லதான் நாங்க பதினஞ்சு வருஷம் பேசினோம்," என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அது விளக்கமா என்று மேடத்துக்குப் புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

மேடம் அந்த டம்ளரை எடுத்து, தானே குடித்து முடித்தார். பிறகு, "ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறேன்," என்றார். கண்களை மூடி, இந்த வீட்டிலிருக்கிற வியாதியஸ்தருக்குச் சுகம் கொடும் ஆண்டவரே என்று ஜெபித்தார். பெயர் சொல்லவில்லை. பாயம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு இரு கைகளையும் ஏந்திக்கொண்டார். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். மூடும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

கேட் வரைக்கும் மேடத்தோடு போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"ரூல்ஸ்படி பாஸ்வேர்டை மாத்தணும். இன்னைக்கே மாத்திடு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, "மாத்தினதை அப்பாகிட்ட சொல்லிடு," என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "சாப்டர் இந்த மாசக் கடைசிக்குள்ள வரணும். இனிமே அப்பா உடம்புன்னு சொல்லிட்டு வராதே."

உள்ளே வந்து கணினி முன் உட்கார்ந்தேன். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை. "புது பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கறமாதிரி," என்றேன். அப்பா யோசிக்கவே இல்லை. ஓர் எண்ணைச் சொன்னார்.

"அது எங்க வூட்டு நம்பராச்சே அண்ணே," என்றார் பாயம்மா. "அந்த போனையே எடுத்து எம்மாங் காலமாச்சு."

"எனக்கு வேற நம்பர் எதுவும் மனப்பாடம் இல்லம்மா."

தட்டினேன். கணினி ஏற்கவில்லை. எண்கள் மட்டும் போதாது, எழுத்துகளும் சேர வேண்டும் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"கடைசில பி.பி.ன்னு போட்டுக்கோ," என்றார்.

போட்டேன். பள்ளிக்கூடத் தாள்களில் யாருக்கும் தெரியக்கூடாது என்று பொடியாக எழுதிய அதே இரண்டு எழுத்துகள். திரையில் அவை வெறும் புள்ளிகளாகத்தான் விழுந்தன. ஆனாலும் முகம் சுட்டது, கண் கலங்கிவிட்டது. நூலகம் திறந்துகொண்டது. எழுந்து என் நாற்காலியை பாயம்மா பக்கம் திருப்பிவைத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்தார்.